தொலைக்காட்சியா, ஓடிடியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேபிளுக்கு ஒரு கட்டணம், வைஃபைக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் இணையம் வழியாகப் படமும் தொடரும் காட்டும் ஓடிடி செயலிகளுக்கு இரண்டு மூன்று சந்தாக்கள் என்று நடுத்தரக் குடும்பங்களின் மாதச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இந்தப் பணம் எங்கே போகிறது, யாருக்கும் யாருக்கும் போட்டி, அதில் பார்க்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழ்நாட்டை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். என் தரப்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓடிடிக்கு எதிரானவன் அல்ல. ஆனால் குறைந்த செலவில் எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் ஒளிபரப்பை நாம் அலட்சியத்தால் இழந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஓடிடி வந்துவிட்டதால் தொலைக்காட்சியின் காலம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. ஆனால் தேய்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிடும் கணக்கின்படி, 2020ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் சுமார் 7 கோடி டிடிஎச் இணைப்புகள், அதாவது வீட்டில் சிறு டிஷ் வைத்து நேரடியாகச் சேனல் பெறும் இணைப்புகள், இருந்தன. 2025 மார்ச்சில் அது சுமார் 5.7 கோடியாகக் குறைந்துவிட்டது. ஊடகத் துறை பற்றி ஆண்டுதோறும் வெளிவரும் ஃபிக்கி–இஒய் அறிக்கை, 2024ஆம் ஆண்டில் டிஜிட்டல் ஊடகத்தின் வருவாய் முதன்முறையாகத் தொலைக்காட்சியை முந்தியதாகச் சொன்னது.

இந்த இரண்டாவது செய்தியைப் படித்துவிட்டு "ஓடிடி வென்றுவிட்டது" என்று பலர் எழுதினார்கள். அது சரியான வாசிப்பு அல்ல. டிஜிட்டல் வருவாயில் பெரும் பங்கு தேடல் விளம்பரங்களுக்கும் சமூக ஊடக விளம்பரங்களுக்கும் போகிறது. அதாவது கூகுளுக்கும் மெட்டாவுக்கும். தொலைக்காட்சியிடமிருந்து பணத்தை இழுத்துக்கொண்டது ஓடிடி மட்டும் அல்ல. ஓடிடி நிறுவனங்களும் அதே கூகுளோடுதான் விளம்பரத்துக்கு மல்லுக்கட்டுகின்றன.

இரண்டுக்கும் அடிப்படையான வித்தியாசம் என்ன? இரண்டும் ஒரே திரையில்தானே தெரிகின்றன?

திரை ஒன்றுதான். படம் வந்து சேரும் வழி வேறு, அந்த வழிக்கு ஆகும் செலவும் வேறு. எல்லாப் போட்டியும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு சேனல் தன் ஒளிபரப்பைச் செயற்கைக்கோளுக்கு ஒருமுறை அனுப்புகிறது. அங்கிருந்து அது கீழே இறங்கும்போது பத்து வீடுகள் பார்த்தாலும் பத்துக் கோடி வீடுகள் பார்த்தாலும் சேனலுக்கு ஆகும் செலவு ஒன்றுதான். கோயில் வாசலில் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கேட்பவர்களின் எண்ணிக்கை எப்படிப் பொருட்டில்லையோ, அப்படி. பார்வையாளர் கூடக் கூட, ஒரு தலைக்கு ஆகும் செலவு இறங்கிக்கொண்டே போகும்.

ஓடிடியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பப்படுகிறது. ஒருவர் கூடினால் சர்வரிலும் இணையத்திலும் அந்த ஒருவருக்கான செலவும் கூடுகிறது. ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு லட்சம் தனி ஓட்டங்கள். இதற்காகவே ஊருக்கு ஊர் சர்வர் வைத்து, படத்தின் நகலை முன்கூட்டியே அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

இந்தச் செலவுக்கு ஈடாக ஓடிடிக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. நீங்கள் யார், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எந்தக் காட்சியில் வெளியேறினீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பது சேனலுக்குத் தெரியாது. விளம்பரதாரர்கள் ஓடிடியை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் தொலைக்காட்சி இவ்வளவு ஆழமாக வேரூன்றியது எப்படி?

சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை இரவு திரைப்பாடல்களைப் பார்க்க அண்டை வீட்டு வாசலில் கூட்டம் கூடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அடுத்த ஆண்டு ராஜ் டிவி, 1999இல் ஜெயா டிவி. விஜய் டிவி சில கைகள் மாறி 2001இல் ஸ்டார் குழுமத்திடம் போனது. 2007இல் கலைஞர் தொலைக்காட்சி, 2008இல் ஜீ தமிழ், 2011இல் புதிய தலைமுறை என்று வரிசை நீண்டது.

சேனல்கள் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அரசும் ஒரு காரணம். 2006இல் அமைந்த திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2011இல் ஆட்சி மாறியதும், முடங்கிக் கிடந்த அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு உயிர் கொடுத்து, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கினார்கள். ஒரு ஆட்சி பெட்டியைக் கொடுத்தது, அடுத்த ஆட்சி கம்பியைக் கொடுத்தது. அரசியல் நோக்கம் இரண்டிலும் இருந்தது. ஆனாலும் குடிசை வீடு வரைக்கும் படம் போய்ச் சேர்ந்தது என்பது உண்மை. ஓடிடிக்கு இப்படி ஒரு அடித்தளம் யாரும் போட்டுத் தரவில்லை.

ஓடிடி எப்போது உள்ளே வந்தது?

ஹாட்ஸ்டார் 2015 பிப்ரவரியில் வந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ், அதே ஆண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ. சன் நெக்ஸ்ட் 2017இல், ஜீ ஃபைவ் 2018இல், ஆஹா தமிழ் 2022இல் வந்தன. ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான தேதி 2016 செப்டம்பர் 5. அன்றுதான் ஜியோ வந்தது. மாதத்துக்கு ஒரு ஜிபி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்த நாடு, நாளுக்கு ஒரு ஜிபிக்கு மேல் செலவழிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த கொரோனா ஊரடங்கு, கைபேசியில் படம் பார்க்கும் பழக்கத்தை வீட்டுப் பெரியவர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவ்வளவு வெப் சீரிஸ் வந்த பிறகும் நெடுந்தொடர்களுக்கு ஏன் கூட்டம் குறையவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நெடுந்தொடர்களை ஏளனமாகப் பேசுகிறவர்கள் அவற்றின் உழைப்பை ஒருநாளாவது அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒரு வெப் சீரிஸ் என்பது பெரும்பாலும் எட்டு அத்தியாயம். எழுத, எடுக்க, சரிபார்க்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. ஒரு நெடுந்தொடர் வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பானால் ஆண்டுக்கு முந்நூறு அத்தியாயங்களுக்கு மேல். அரை மணி நேர இடைவெளியில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடக் கதை வேண்டும். அதைக் கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் எடுத்தாக வேண்டும். அதனால்தான் கதையில் பாதி ஒரே வீட்டின் கூடத்தில் நடக்கிறது. விளக்கை மாற்றி வைக்க நேரம் இல்லை. ஒருவர் சொன்ன வசனத்துக்கு ஐந்து பேர் முகத்தைத் தனித்தனியாகக் காட்டுவதும் இந்த நேர நெருக்கடியில் பிறந்த உத்திதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் ரேட்டிங் வியாழக்கிழமை வந்ததும் கதையின் போக்கு மாறும். ஒரு துணைப் பாத்திரம் மக்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த வாரம் அவருக்குக் காட்சிகள் கூடும். பார்க்கிறவர்களின் விருப்பத்துக்கு இவ்வளவு விரைவாக வளைந்துகொடுக்கும் கதைவடிவம் வேறு இல்லை.

இதன் வியாபார அமைப்பும் தமிழில் தனித்தன்மையோடு வளர்ந்தது. பல ஆண்டுகள், தயாரிப்பாளரே சேனலுக்குப் பணம் கட்டி ஒரு நேரத்தை வாங்கி, அந்த நேரத்துக்கான விளம்பரத்தையும் தானே விற்கும் முறை சன் டிவியில் இருந்தது. தொடர் ஓடினால் லாபம் தயாரிப்பாளருக்கு, ஓடாவிட்டால் நஷ்டமும் அவருக்கே. எந்தத் தொடர் மக்களைப் பிடிக்கும் என்பதை மூக்கால் மோப்பம் பிடிக்கும் ஒரு தலைமுறைத் தயாரிப்பாளர்களை இந்த முறைதான் உருவாக்கியது. பிறகு சேனலே பணம் கொடுத்துத் தொடர் எடுக்கச் சொல்லும் முறை பரவியது.

இன்னொன்று, இந்தத் தொடர்களை விடாமல் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வேலை செய்துகொண்டே பார்க்கும் பெண்கள். இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கியபடி, பூ கட்டியபடி, துணி மடித்தபடி காதால் பாதி, கண்ணால் பாதி பார்க்கிறார்கள். எதைப் பார்ப்பது என்று பத்து நிமிடம் தேடிக்கொண்டிருக்க அவர்களுக்கு அவகாசம் இல்லை. எட்டு மணிக்கு இது, எட்டரைக்கு அது என்று தானாகவே வந்து நிற்கும் ஒழுங்கு அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. ஓடிடி நிறுவனங்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. சேனலில் இரவு வரும் அத்தியாயத்தை அன்று காலையிலேயே சந்தாதாரர்களுக்குக் காட்டும் ஏற்பாடு சில செயலிகளில் வந்ததற்குக் காரணம் அதுதான். புதிய கதைகளைவிடப் பழைய தொடர்களே சந்தா சேர்த்துக் கொடுக்கின்றன.

டிஆர்பி என்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள்?

டிஆர்பி என்பது எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற ரேட்டிங் கணக்கு. பார்க் என்ற அமைப்பு 2015இலிருந்து அதை எடுக்கிறது. ஒவ்வொரு சேனலும் தன் ஒலியோடு, நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைச் சேர்த்து அனுப்புகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்திருக்கும் மீட்டர் அந்தக் குறியீட்டைப் பிடித்து, எந்த சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்கிறது. வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதை அவரவர் ஒரு பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இந்த மீட்டர் இருப்பது நாடு முழுவதும் 55 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகளில்தான். தொலைக்காட்சி உள்ள வீடுகளோ சுமார் 21 கோடி என்று 2020இல் பார்க் அமைப்பே மதிப்பிட்டது. ஏறத்தாழ 3,800 வீடுகளுக்கு ஒரு வீடு பேசுகிறது. மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்து ரேட்டிங்கை வளைத்ததாக 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை வழக்குப் பதிந்தபோது செய்திச் சேனல்களின் ரேட்டிங் வெளியீடு நிறுத்தப்பட்டது. மறுபடியும் தொடங்க 2022 மார்ச் ஆகிவிட்டது.

ஓடிடியில் எண்ணிக்கை துல்லியம், ஆனால் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நிறுவனமே எண்ணி, தனக்குச் சாதகமானதை மட்டும் வெளியே சொல்கிறது. நடுநிலையான ஓர் அமைப்பு இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் யார் முன்னால் இருக்கிறார் என்பது எப்போதும் விளம்பர வாசகமாகவே இருக்கும்.

கிரிக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு பணம் கொட்டுகிறார்கள்?

நேரலை விளையாட்டு ஒன்றுதான் மக்களை ஒரே நேரத்தில் திரைமுன் உட்கார வைக்கிறது. 2018 முதல் 2022 வரையிலான ஐபிஎல் உரிமையை, தொலைக்காட்சி, டிஜிட்டல் இரண்டையும் சேர்த்து, ஸ்டார் நிறுவனம் 16,347.5 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 2022 ஜூனில் ஏலம் நடந்தபோது கிரிக்கெட் வாரியம் உரிமையைப் பிரித்து விற்றது. இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டாருக்கும், டிஜிட்டல் உரிமையின் முதன்மைத் தொகுப்பு 20,500 கோடிக்கு வயாகாம்18 நிறுவனத்துக்கும் போயின. எல்லாம் சேர்த்து 48,390 கோடி. தொலைக்காட்சிக்குத் தோள் தொடும் அளவுக்கு டிஜிட்டல் வளர்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்த நாள் அது.

2023இல் வயாகாம்18 நிறுவனத்தின் ஜியோசினிமா செயலி ஐபிஎல் ஆட்டங்களை இலவசமாகவே காட்டியது. அதைப் பார்த்துப் பதறிய டிஸ்னி ஸ்டாரின் ஹாட்ஸ்டார், அதே ஆண்டு உலகக் கோப்பையைக் கைபேசியில் இலவசமாக்கியது. அகமதாபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் ஹாட்ஸ்டாரில் இருந்தார்கள். அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்ச எண்ணிக்கை 13 கோடி என்று அந்த நிறுவனமே பார்க் கணக்கைக் காட்டிச் சொன்னது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியைச் செத்துப்போனதாக எழுதுகிறவர்கள் இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை.

அந்த இலவசம் நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் இந்த இரண்டு செயலிகளும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் என்று வந்தபோது, சில நிமிடங்களுக்குப் பிறகு சந்தா கேட்கும் முறைக்கு மாறிவிட்டது. அப்போது கைபேசிக்கான ஆரம்பக் கட்டணம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாயாக இருந்தது.

எதிரெதிராக இருந்த இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிவிட்டனவே, பிறகு போட்டி எங்கே?

இது கவலைப்பட வேண்டிய விஷயம். 2022 ஏலத்தில் மோதிக்கொண்ட டிஸ்னி ஸ்டாரும் ரிலையன்ஸின் வயாகாம்18 நிறுவனமும் 2024 நவம்பர் 14 அன்று ஜியோஸ்டார் என்ற ஒரே நிறுவனமாகிவிட்டன. இரண்டு செயலிகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்று. ஐபிஎல் தொலைக்காட்சி உரிமையும் டிஜிட்டல் உரிமையும் மீண்டும் ஒரே கூரையின் கீழ். தமிழில் ஸ்டார் விஜய்யும் கலர்ஸ் தமிழும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன.

பார்வையாளர்களைப் பிடிக்க விலையைக் குறைத்து நடந்த சண்டையில் நமக்கு லாபம் இருந்தது. சண்டை போட்டவர்கள் கைகோத்த பிறகு விலையைக் குறைக்க அவர்களுக்கு என்ன அவசியம்? போட்டி ஆணையம் நிபந்தனைகளோடுதான் இந்த இணைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த நிபந்தனைகள் காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் ஆணையத்துக்கு இருக்கிறது.

கேபிள் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஏன் இவ்வளவு குழப்பம்?

2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. இணைப்புக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டலாம் என்பது நல்ல நோக்கம். நடந்தது வேறு. தனியாக வாங்கினால் விலை அதிகமாகவும் தொகுப்பாக வாங்கினால் மலிவாகவும் வைத்தார்கள் சேனல்காரர்கள். எனவே பார்க்காத பத்துச் சேனல்களோடு சேர்த்துத்தான் பிடித்த சேனலை வாங்க வேண்டியிருக்கிறது. தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் விலை உச்சவரம்பை 19 ரூபாயிலிருந்து 12ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு 2022இல் அது மறுபடியும் 19 ஆனது. 2024இல் அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

பலர் கேபிளைத் துண்டித்ததற்கு முதல் காரணம் ஓடிடி அல்ல, இந்தக் குழப்பம்தான் என்பது என் கருத்து.

எங்கள் தெருக் கேபிள்காரரின் நிலை என்ன ஆகும்?

தொண்ணூறுகளில் மொட்டைமாடியில் பெரிய டிஷ் வைத்து, மின்கம்பத்திலிருந்து மின்கம்பத்துக்கு ஒயர் இழுத்து, மாதம் முதல் வாரத்தில் சிறு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வந்த அந்த மனிதர்களால்தான் தனியார் தொலைக்காட்சி தமிழ்நாட்டில் வளர்ந்தது. மழையில் இணைப்பு போனால் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் வருவார். எந்த ஓடிடி நிறுவனமும் ஏணியோடு வராது.

அவர்களில் பலர் இப்போது பழைய ஒயரை எடுத்துவிட்டு ஃபைபர் இழுத்திருக்கிறார்கள். அதே வீட்டுக்கு இணையம், கேபிள், சில ஓடிடி செயலிகள் மூன்றையும் சேர்த்து ஒரே கட்டணத்தில் கொடுக்கிறார்கள். ஓடிடியை வீட்டுக்குள் கொண்டுவரும் கம்பியும் அவருடையதாக இருந்தால், யார் வென்றாலும் அவருக்கு வேலை உண்டு. மாற முடியாமல் நிற்பவர்கள் கிராமங்களில் நூறு, நூற்றைம்பது இணைப்புகளை மட்டும் வைத்திருக்கும் சிறிய ஆபரேட்டர்கள். ஃபைபருக்கு முதலீடு செய்ய அவர்களால் முடியவில்லை. அவர்களுக்குக் குறைந்த வட்டிக் கடனும் பயிற்சியும் கொடுக்க அரசு கேபிள் நிறுவனத்தால் முடியும், செய்ய வேண்டும்.

திரைப்படங்களுக்கு இந்தப் போட்டியால் லாபமா, நஷ்டமா?

இரண்டும். ஒரு காலத்தில் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் சாட்டிலைட் உரிமைதான் தயாரிப்பாளருக்குக் கைகொடுத்தது. பிறகு டிஜிட்டல் உரிமை அதைத் தாண்டியது. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்குக்குப் போகாமல் நேராக ஓடிடியில் வந்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்துப்போனார்கள். சேனல்களும் சும்மா இருக்கவில்லை. 2021 ஏப்ரலில் 'மண்டேலா' முதலில் ஸ்டார் விஜய்யில் ஒளிபரப்பாகி, பிறகு நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. பெரிய நட்சத்திரம் இல்லாத அந்தப் படம் இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது.

அந்த வசந்தம் முடிந்துவிட்டது. முன்பு படம் முடியும் முன்பே பெரிய தொகை கொடுத்து வாங்கிய ஓடிடி நிறுவனங்கள் இப்போது திரையரங்கில் எப்படி ஓடுகிறது என்று பார்த்து விலை பேசுகின்றன. சிறிய படங்களை வாங்க ஆளில்லை. அடுத்த சிக்கல், எத்தனை வாரம் கழித்து ஓடிடியில் வரலாம் என்பது. தமிழில் நான்கு வாரம் என்ற வழக்கம் இருக்கிறது. இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் என்று பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் பிடிவாதமாக இருக்கின்றன. 2023இல் 'லியோ' படத்தின் இந்திப் பதிப்பை அந்த நிறுவனங்கள் திரையிட மறுத்தது இதனால்தான். தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்களும் எட்டு வாரம் வேண்டும் என்கிறார்கள். நான்கு வாரத்தில் வீட்டுக்கு வரும் என்று தெரிந்தால், நான்கு பேர் குடும்பம் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் செலவைக் கூட்டிப் பார்க்கத்தான் செய்யும். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பணம் கட்டியும் ஓடிடியில் விளம்பரம் வருகிறதே?

வரும், இன்னும் கூடும். சந்தாவை மட்டும் நம்பி இந்தியாவில் பிழைக்க முடியாது என்பதை எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 500 ரூபாயில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2021 டிசம்பரில் கைபேசிக் கட்டணத்தை 149 ரூபாய்க்கு இறக்கியது. 2023இல் வீட்டுக்கு வெளியே கடவுச்சொல் பகிர்வதைத் தடுத்தது. பிரைம் வீடியோ 2025 ஜூன் முதல் இந்தியாவில் விளம்பரம் காட்டத் தொடங்கியது. வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

தொலைக்காட்சியில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது. அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது வேறு விஷயம். ஓடிடிக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. இப்போதே வரம்பு வைப்பது நல்லது.

ஓடிடிக்குத் தணிக்கை கிடையாதா?

திரைப்படத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யு, 7+, 13+, 16+, ஏ என்று வயது வகை போட்டாக வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்ட வகைகளுக்குப் பெற்றோர் பூட்டு இருக்க வேண்டும். அந்தப் பூட்டை அமைப்புகள் பகுதிக்குப் போய் நீங்கள்தான் போட வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்றே செய்யுங்கள்.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது? அதுதான் நமக்கும் வருமா?

பார்வையாளர்களை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி, 2025 மே மாதம் அங்கே தொலைக்காட்சித் திரையில் செலவான நேரத்தில் 44.8 விழுக்காடு ஓடிடிக்குப் போனது. வான்வழி ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்து 44.2. முதன்முறையாக முந்தியது. அதிலும் முதலிடம் நெட்ஃபிளிக்ஸுக்கு அல்ல, யூடியூபுக்கு.

அப்படியே இங்கே நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே கேபிள் கட்டணம் மிக அதிகம், துண்டித்தால் பணம் மிச்சம். இங்கே கேபிள்தான் மலிவு. ஆனால் யூடியூப் விஷயத்தில் நாம் அதே வழியில்தான் போகிறோம். செய்தி, பட்டிமன்றம், சமையல், கோயில் விழா எல்லாவற்றையும் பெரியவர்கள் ஸ்மார்ட் டிவியில் யூடியூபில்தான் பார்க்கிறார்கள். சேனல்களே தங்கள் நிகழ்ச்சிகளைத் துண்டு துண்டாக அங்கே ஏற்றுகின்றன.

தூர்தர்ஷனுக்கு இன்னும் இடம் இருக்கிறதா?

இருக்க வேண்டும். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. அதே ஆண்டு நவம்பரில் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்ற ஓடிடி செயலியையும் தொடங்கியது. அதன் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வாங்கினால் மாதக் கட்டணமே இல்லை. வட மாநிலங்களில் அது கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எடுபடாததற்குக் காரணம், பெரிய தமிழ்ச் சேனல்கள் அதில் இல்லை.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் இந்தியா விளையாடும் இறுதி ஆட்டத்தைப் பார்ப்பது அந்தச் சட்டத்தால்தான். ஓடிடி பெருகும் காலத்தில் அந்தச் சட்டத்தை நீர்த்துப்போக விடக் கூடாது.

கடைசியாக, எங்கள் வீட்டுக்கு எது சரி?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேபிளைத் துண்டிக்காதீர்கள். ரிமோட்டில் ஒரு எண்ணை அழுத்தினால் சேனல் வரும் எளிமைக்கு ஈடாக எந்தச் செயலியும் இல்லை. ஸ்மார்ட் டிவியில் கண் தெரியாமல் எழுத்து எழுத்தாகத் தேட வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இளைஞர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், நல்ல பிராட்பேண்ட் இருந்தால் ஓடிடி போதும். கைபேசி டேட்டாவை நம்பிப் பெரிய திரையில் பார்க்காதீர்கள். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை ஆகும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஓடிடி சந்தாவை ஆண்டு முழுவதற்கும் எடுக்கும் முன், உங்கள் பிராட்பேண்ட் அல்லது கைபேசித் திட்டத்தோடு அது ஏற்கெனவே இலவசமாக வருகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஒரே செயலிக்கு இரண்டு முறை பணம் போய்க்கொண்டிருக்கிறது. எல்லாச் செயலிகளையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கவும் தேவையில்லை. ஒரு மாதம் ஒன்று, அதில் பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகு அடுத்த மாதம் இன்னொன்று. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும். அதைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். அந்தச் செயலியைப் போன மாதம் திறக்கவே இல்லையென்றால் அதிலேயே ரத்து செய்ய வழி இருக்கும்.